பழம்பொறிகளின் மறுவாழ்வு

சென்னை மாநகருக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதி, 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், இயந்திர ஒலி ஓயாத இடமாயிற்று. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. எங்கோ ஓர் ஆலையில் நாற்பது ஆண்டுகள் உழைத்த பொறியின் பற்சக்கரம் தேய்ந்துவிடுகிறது. அப்பொறியைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டது; அதன் வரைபடமும் கிடைப்பதில்லை. தேய்ந்த சக்கரத்தையே ‘சாம்பிளாக’ வைத்துக்கொண்டு, தொழிலாளி அதன் பற்களை ஒவ்வொன்றாக அளக்கிறார். தேய்மானம் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறார். பின்னர் அதே அளவில் புதிய சக்கரத்தைக் கடைந்தெடுக்கிறார். பழைய சக்கரத்தைப் போன்ற தோற்றம் மட்டும் இருந்தால் போதாது. பொறியினுள் பொருத்தியபின், பழையது சுழன்றவாறே புதியதும் சுழலவேண்டும்.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய கலை ஒன்று உண்டு. அங்கே இரும்பும் இல்லை, எஃகும் இல்லை. மறைந்துபோன ஒரு பொறியை முழுவதுமாகக் கட்டளைச் சொற்களாலேயே மீண்டும் செய்து, இன்றைய கணிப்பொறியினுள் இயங்கவிடுகின்றனர். அவ்வாறு இயங்கவிடும் நிரலுக்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர். இந்த நிரல் பழைய பொறியை எந்த அளவுக்கு உண்மையாக நடித்துக் காட்டுகிறது என்பதை ஆராய்ந்தால், பொறிகளின் இயல்பைப் பற்றிய வியப்பான செய்திகள் பல வெளிப்படும்.

இப்பழம்பொறிகளுள் ஒன்றை 1990களில் பிறந்து வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவர். அது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டி. பிள்ளைகள் அதனை ‘டிவி கேம்’ என்றும் ‘வீடியோ கேம்’ என்றும் அழைத்தனர். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் பொறியே அதன் மூலம். கிழக்காசியத் தொழிற்கூடங்கள் பல அதனைப் பார்த்துச் செய்த நகல்களே இந்நாட்டுச் சந்தைக்கு மலிவான விலையில் வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடைவைத்த பர்மா பஜாரிலும், மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவிலும் அவை விற்பனையாயின. அவற்றிற்குரிய ‘கேசட்’டின் மேல் 9999 விளையாட்டுகள் உள்ளன என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில விளையாட்டுகளே பெயர் மாறியும் நிறம் மாறியும் திரும்பத் திரும்ப வரும். ஆயினும் அதனால் வருந்திய பிள்ளை எவரும் இலர். கேசட் இயங்காதபோது அதனைக் கழற்றி வாயால் ஊதி மீண்டும் செருகுவது அக்காலப் பிள்ளைகள் அனைவரும் கற்றிருந்த மருத்துவம்.

அப்பெட்டிகளிற் பெரும்பாலானவை இன்று பரணில் உறங்குகின்றன. அல்லது காயலான் கடைக்குச் சென்று எடைக்கு எடை விலைபோயின. மின்தேக்கிகள் வற்றுகின்றன; இணைப்பு முனைகள் துருவேறுகின்றன; நிரலைத் தாங்கிய சில்லுகளும் காலப்போக்கிற் பழுதுபடுகின்றன. கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டவை ஆயிரம் ஆண்டுகள் நின்றன. மின்னணுச் சில்லில் எழுதப்பட்டவையோ ஒரு மனிதனின் வாழ்நாளளவுகூட நிற்குமா என்பது ஐயமே. பழம்பொறியைக் காக்கும் வேலைக்கு இத்தனை விரைவு தேவைப்படுவது இதனால்தான்.

ஒரு பொறியை மற்றொரு பொறி முற்றிலும் நடிக்க இயலும் என்பதை முதன்முதலிற் கணித முறையில் நிறுவியவர் ஆங்கிலேய அறிஞர் ஆலன் டூரிங். 1936ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில், தக்க விவரம் கொடுக்கப்பட்டால் வேறு எந்தக் கணக்கிடும் பொறியின் செயலையும் செய்துகாட்டவல்ல ஒரு பொதுப்பொறியைக் கற்பனையாக அமைத்துக் காட்டினார். அக்கற்பனை தொழிலுலகில் பயன்பட்ட காலம் 1964. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் புதிய கணிப்பொறி வரிசையை அறிவித்தது. பழைய 1401 வகைப் பொறிக்கு எழுதிய நிரல்களையெல்லாம் வாடிக்கையாளர்கள் குப்பையில் எறிய விரும்புவரோ? விரும்பார். ஆதலின், புதிய பொறிக்குள்ளேயே பழைய பொறியாக நடிக்கும் ஏற்பாட்டையும் அந்நிறுவனம் சேர்த்தளித்தது. எமுலேட்டர் என்னும் சொல் வழக்கத்திற்கு வந்ததும் அப்பொழுதுதான். அவ்வரிசையின் அடுத்த தலைமுறையான 370/155 கணிப்பொறி 1973ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. தனி அறையும் குளிரூட்டியும் வேண்டி நின்ற அத்தகைய பெரும்பொறியை, 1999இல் வெளியான ‘ஹெர்க்குலிஸ்’ என்னும் எமுலேட்டர் இன்று மேசைக் கணிப்பொறியின் ஒரு மூலையில் இயக்கிக் காட்டுகிறது.

இந்நடிப்பு எவ்வாறு நிகழ்கிறது? ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனக்கென ஒரு மொழி உண்டு. ‘இவ்விரு எண்களைக் கூட்டு’, ‘இதனை அந்த நினைவறையில் வை’ என்பன போன்ற எளிய கட்டளைகளே அம்மொழியின் சொற்கள். ஒரு செயலியின் மொழி மற்றொன்றிற்கு விளங்காது. பண்டைச் சென்னையில் ஆங்கில வணிகர்க்கும் தமிழ் வணிகர்க்கும் இடையே துபாசிகள் நின்றனர். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழியிற் பெயர்த்துக் கூறுவது அவர்கள் தொழில். எமுலேட்டரும் ஒரு துபாசியே. பழைய நிரலின் கட்டளையை ஒவ்வொன்றாகப் படித்து, அதன் பொருளை உணர்ந்து, இன்றைய செயலியின் மொழியில் அதே செயலைச் செய்விக்கிறது.

இதுமட்டுமே வேலையாயின், எல்லாப் பழம்பொறிகளும் என்றோ உயிர்பெற்றிருக்கும். பேமிலி கம்ப்யூட்டரின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகள் கொண்டது. இன்றைய மேசைக் கணிப்பொறியின் துடிப்பு அதனைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்டது. ஆயினும் வல்லுநர்கள் இன்றும் ஏன் திணறுகின்றனர்? பழைய பொறியினுள் செயலி தனித்து நிற்பதில்லை என்பதே காரணம். படம் வரையும் சில்லு ஒன்று, ஒலியெழுப்பும் பகுதி ஒன்று எனப் பலவும் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. அந்தப் பெட்டியிற் செயலி ஒருமுறை துடிக்கும் நேரத்தில், படச்சில்லு திரையில் மூன்று புள்ளிகளை வரைந்து முடித்துவிடும். நாகசுரம், தவில், தாளம் ஆகிய மூன்றும் ஒருங்கே ஒலிக்கும் மேளக் கச்சேரியை ஒருவரே நடத்துவதாகக் கொள்க. அவர் ஒரு கணம் நாகசுரத்தை ஊதி, மறுகணம் தவிலை அடித்து, அடுத்த கணம் தாளத்தைத் தட்டவேண்டும். கேட்பவர்க்கோ மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கவேண்டும். எமுலேட்டர் செய்வது அத்தகைய வித்தை. மாற்றி மாற்றிச் செய்யும் இடைவெளி எவ்வளவு நுண்ணியதோ, நகலும் அவ்வளவு செம்மையாகும்; கணிப்பொறியின் உழைப்பும் அவ்வளவு கூடும்.

காலக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று போதும். 1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமொஹிரோ நிஷிகடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். காசு போட்டு ஆடும் நிலைப்பெட்டி அது. வானிலிருந்து 55 பகைவர்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவர். ஆடுபவர் அவர்களைச் சுட்டு வீழ்த்தவேண்டும். முதலில் மெல்ல நகரும் பகைவர்கள், எண்ணிக்கை குறையக் குறைய விரைவு மிகுந்து, கடைசியில் எஞ்சும் ஒருவன் பாய்ந்து ஓடுவான். ஆடுபவரின் நெஞ்சத் துடிப்பும் அதற்கேற்ப உயரும். இந்த விரைவு எங்கிருந்து வந்தது? அப்பொறியின் செயலி 55 உருவங்களையும் ஒருங்கே நகர்த்தும் வலிமை அற்றது. ஆகவே, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு முறைக்கு ஒரு பகைவனை மட்டுமே அது நகர்த்தியது. 55 பேரும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஐவரே எஞ்சினால் அதே அடியை நொடிக்குப் பன்னிரண்டு முறை வைத்துவிடுவர். பொறியின் இயலாமையே விளையாட்டின் சுவையாயிற்று. நிஷிகடோவும் அதனைத் திருத்தாமல் அவ்வாறே விட்டுவைத்தார்.

எமுலேட்டர் எழுதுபவர் இவ்விடத்தில் ஒரு நெறியைக் கற்கவேண்டியவராகிறார். பழைய பொறி வலியற்றது என்பதற்காக, புதிய பொறியின் முழு விரைவையும் நிரலுக்குத் தந்தால் விளையாட்டுக் கண்ணிமைப்பில் முடிந்துவிடும். பேமிலி கம்ப்யூட்டரிலும் இத்தகைய குறை ஒன்று உண்டு. திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவத் துண்டுகளுக்கு மேல் அதனால் காட்ட இயலாது. மிகுந்தவை மறையும், அல்லது மினுக்கிடும். சில எமுலேட்டர்கள் இம்மினுக்கத்தை நீக்கிக் காட்டுவதைப் பெருமையாகக் கொள்கின்றன. ஆயின், விளையாட்டை எழுதிய சிலர் அவ்வரம்பையே ஓர் உத்தியாகக் கொண்டு, மறைக்கவேண்டிய உருவங்களை அதனால் மறைத்திருந்தனர். குறையை நீக்கியதும் அவ்விடத்திற் காணத்தகாதன காட்சிக்கு வருகின்றன! உள்ளதை உள்ளவாறு காட்டுவதே நல்ல நகல்.

இந்நெறியை உயிர்மூச்சாகக் கொண்ட எமுலேட்டர் ‘மேம்’ என்பது. இத்தாலி நாட்டைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா என்பவர், ‘பேக்மேன்’ முதலிய சில நிலைப்பெட்டிகளுக்கெனத் தனித்தனியே எழுதிய நிரல்களை ஒன்றாக இணைத்து, 1997 பிப்ரவரி 5ஆம் நாள் இதனை வெளியிட்டார். பிற நாட்டு வல்லுநர் பலர் வந்து சேர்ந்தனர். வீட்டு விளையாட்டுப் பெட்டிகளுக்கும் பழைய கணிப்பொறிகளுக்குமென ‘மெஸ்’ என்னும் உடன்பிறப்பு 1998இல் தோன்றியது. 2015இல் இரண்டும் ஒன்றாயின. 2016 முதல் எவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்தநிலை உரிமத்துடன் அது வழங்குகிறது. ஒரே நிரல் பல்லாயிரக்கணக்கான பொறிகளாக உருமாறுகிறது என்பது கேட்போர்க்குக் கதைபோலத் தோன்றும். இதன் ஆசிரியர்கள் தம் நோக்கம் விளையாட்டு அன்று என்று வெளிப்படையாகவே கூறுகின்றனர். பழைய பொறிகளின் உள்ளமைப்பைப் பிழையின்றி எழுதி வைப்பதே அவர்கள் நோக்கம். எழுதியது சரிதானா என்று சோதிக்கும் உரைகல்லாகவே, அது இயங்குவதை அவர்கள் கொள்கின்றனர்.

அச்சோதனையில் மேம் எவ்வளவு தேறுகிறது? எல்லாப் பொறிகளுக்கும் ஒரே விடை கூற இயலாது.

1970களின் இறுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த நிலைப்பெட்டிகளில் அதன் திறம் மிக உயர்ந்தது. இவற்றுட் பெரும்பாலானவை எளிய கணிப்பொறியில் முழு விரைவுடன், மூலத்திலிருந்து வேறுபாடு காண்பதற்கு அரிதாக இயங்குகின்றன. அதற்குப் பிந்திய, முப்பரிமாண உருவங்களைக் காட்டும் பொறிகளில் நிலை வேறு. அப்பொறிகளின் வரைசில்லுகள் கடும் உழைப்பாளிகள். அவற்றின் உள்ளமைப்பும் முழுமையாக வெளிப்படவில்லை. ஆதலின் சில மெல்ல ஊர்கின்றன. சிலவற்றிற் படம் பிழைபடுகிறது. சில இயங்குவதே இல்லை.

புதியவை கடினம், பழையவை எளிது என்று இதனால் முடிவுகட்டிவிடலாகாது. 1972ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்திற்காக ஆலன் அல்கார்ன் அமைத்த ‘பாங்’ என்னும் விளையாட்டு, இருபுறமும் இரு மட்டைகள் நின்று ஒரு பந்தைத் தட்டும் மிக எளிய ஆட்டம். அதனைப் படியெடுப்பதோ பெரும்பாடு. ஏனெனில், அப்பொறியிற் செயலியும் இல்லை, நிரலும் இல்லை. வெறும் மின்சுற்றுகளின் பின்னலே பந்தையும் மட்டையையும் திரையில் தோற்றுவித்தது. துபாசிக்குப் பெயர்ப்பதற்கு மொழியே இல்லாவிடத்தில் அவன் என் செய்வான்? மேம் இதற்கென வேறொரு வழியை மேற்கொண்டது. சுற்றிலுள்ள ஒவ்வோர் உறுப்பினூடும் மின்னழுத்தம் நொடிதோறும் பல லட்சம் முறை எவ்வாறு மாறுகிறது என்று கணக்கிடுகிறது. ஒரு பந்து ஓடுவதற்கு அத்தனை கணக்கும் வேண்டியிருப்பதால், பார்வைக்கு எளிய அவ்விளையாட்டு வலிமை மிக்க கணிப்பொறியையும் வியர்க்க வைக்கிறது.

வீட்டு விளையாட்டுப் பெட்டிகளிற் பழையவை நன்றாக இயங்குகின்றன எனலாம். எனினும் பேமிலி கம்ப்யூட்டர் ஒன்றை மட்டுமே ஆடிப்பார்க்க விரும்புவோர், அதற்கென்றே எழுதப்பட்ட தனி எமுலேட்டரை நாடுவது நலம். பலகடைச் சரக்கும் ஓரிடத்தில் கிடைக்கும் பெருங்கடைக்கும், ஒரு பொருளையே விற்கும் கைதேர்ந்த கடைக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

பழைய கணிப்பொறிகளிலோ மேமின் பெருமை பலர் அறியாதது. ‘ஆப்பிள் 2’ கணிப்பொறியை எடுத்துக்கொள்க. அக்கால நிறுவனங்கள் தம் நிரல்களை எவரும் படியெடுக்காதிருக்க, நெகிழ்வட்டின் சுழற்சியையும் காந்தத் துடிப்புகளின் நேர இடைவெளியையும் கொண்டு பல பூட்டுகளைப் பூட்டின. நிரலை மட்டும் அறிந்த எமுலேட்டர் அப்பூட்டின் முன் நின்றுவிடும். வட்டின் காந்தத் துடிப்புகளையே பதிவுசெய்து, வட்டியக்கி அவற்றைப் படிக்கும் முறையையும் துடிப்புத் துடிப்பாக நடித்துக்காட்டுவதால், மேம் பூட்டை உடைக்காமலே அதனைத் திறக்கிறது.

இந்தியப் பள்ளிகளின் வரலாற்றிலும் இடம்பெற்ற ஒரு கணிப்பொறி இந்த எமுலேட்டரினுள் உண்டு. 1984ஆம் ஆண்டு நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கண் 250 பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுசென்றது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய ‘பிபிசி மைக்ரோ’. 32 கிலோபைட்டு நினைவகம் கொண்ட சிறு பொறி அது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதில் அடக்க இயலாது. நாட்டின் முதற் பள்ளிக் கணிப்பொறி மாணவர்கள் பலர் அதன் முன் அமர்ந்தே பேசிக் மொழியிற் கட்டளை எழுதப் பழகினர். அப்பொறிகள் பள்ளிகளிலிருந்து நீங்கிப் பல்லாண்டுகளாயின. ஆயினும் மேமை இயக்கி அப்பெயரைத் தேர்ந்தெடுத்தால், கறுப்புத் திரையும் துடிக்கும் சிறு கோடுமாக அன்றைய வகுப்பறைப் பொறி மீண்டும் எதிரே நிற்கிறது.

மேமிடம் பாராட்டத்தக்க மற்றொரு பண்பு அதன் நேர்மை. தன் நகல் குறையுடையதாயின், பொறியை இயக்கும்போதே மஞ்சள் நிறப் பலகையில் அதனை அறிவிக்கிறது: இதில் ஒலி செம்மையில்லை, இதில் நிறம் பிழைபடும் என்று. இயங்கும் நிலையிலேயே இல்லாத பொறியாயின் சிவப்பு நிறப் பலகை தோன்றும். தன் சரக்கின் குறையைத் தானே கூறி விற்கும் வணிகரைக் காண்பது அரிதன்றோ! எளிமை என்பது மட்டும் அதனிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. அதன் பட்டியல்கள் நீளமானவை. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பொறி இயங்க மறுக்கும். பழைய கணிப்பொறியாக நடிக்கும்போது விசைப்பலகை முழுவதையும் அப்பொறியே எடுத்துக்கொள்வதால், புதியவர் வெளியே வரும் வழி அறியாது திகைப்பர்.

கோப்பிற் காட்டும் அக்கண்டிப்பிற்குக் காரணம் உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிப்பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார். பழம்பொறிகளின் சில்லுகளிலிருந்து நிரலைப் படியெடுப்போரும் அதனையே செய்கின்றனர். ஒரே விளையாட்டு ஜப்பானுக்கு ஒரு விதமாகவும் அமெரிக்காவுக்கு வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். கள்ளத்தனமாகச் செய்த நகல்களும் உண்டு. மேம் எந்த ஒன்றையும் தள்ளுவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாடமாகக் காத்து, ஒவ்வொரு படிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் இலக்க முத்திரையையும் குறித்து வைக்கிறது. ஓரெழுத்துச் சிதைந்தாலும் முத்திரை மாறிவிடும். பிழை உடனே புலனாகும்.

ஏடு கிடைத்தாலும் படிக்க இயலாத நிலை சில பொறிகளில் நேர்ந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘சி.பி.எஸ். 2’ என்னும் சுற்றுப்பலகையில் நிரல் மறைமொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனைத் திறக்கும் திறவுகோல், ஒரு சிறு மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் நின்றது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். பலகை அன்றே உயிர்விடும். களவைத் தடுக்கச் செய்த அவ்வேற்பாடு, நேர்மையாக விலைகொடுத்து வாங்கியவரின் பொறியையும் சில ஆண்டுகளிற் கொன்றது. ஆர்வலர் குழு ஒன்று 2001இல் அம்மறைமொழியைத் தாண்டி நிரலை வெளிக்கொணர்ந்தது. 2007இல் சல்மோரியாவும் ஆண்ட்ரியாஸ் நைவ் என்னும் புனைபெயருடைய மற்றொருவரும் மறைமொழியின் அமைப்பையே முழுவதும் கண்டறிந்தனர். வேறு சில சில்லுகளில் நிரலை மின்வழியே படிக்க எவ்வழியும் இல்லாதபோது, மேலுறையை அமிலத்தாற் கரைத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் படமெடுத்து, ஒன்றும் சுழியுமாக எழுத்தெண்ணிப் படிக்கின்றனர். ஒரு சில்லைப் படிக்க ஒரு சில்லை அழிக்கவேண்டிய கொடுமை அதில் உண்டு. எனினும் படித்தது எஞ்சுகிறது.

இவ்வேலைக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. பொறியைப் போல நடிக்கும் நிரலை எழுதுவது வேறு. அப்பொறிக்கென ஒருவர் எழுதிய விளையாட்டை அவர் இசைவின்றி வழங்குவது வேறு. சோனி நிறுவனம் தன் பொறிக்கு எமுலேட்டர் எழுதிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், பொறியை ஆராய்ந்து எமுலேட்டர் எழுதியது தகுமென்று 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. விளையாட்டுகளின் பதிப்புரிமையோ இன்றும் உரியவரிடமே உள்ளது. மேமும் தன்னோடு அவற்றைச் சேர்த்து வழங்குவதில்லை.

விளையாட்டுப் பொருள்களுக்கு இத்துணை உழைப்பா என்று சிலர் வினவலாம். தமிழ் எழுத்து கணிப்பொறியில் ஏறிய வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு வினவமாட்டார். 1984இல் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் சொற்செயலியையும், 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் செயலியையும் உருவாக்கினர். அவை பழைய டாஸ் இயங்குதளத்தில் வேலைசெய்தவை. அக்காலத்தில் எல்லோர்க்கும் பொதுவான தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை இல்லை. ஒரு செயலி ‘அ’ என்பதற்கு வைத்த எண் மற்றொன்றில் ‘அ’ ஆகாது. 1999இல் சென்னையில் நடந்த ‘தமிழிணையம் 99’ மாநாடு பொதுக் குறியீடுகளை வகுக்க முயன்றது. தமிழ்நாட்டரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010இல். இவற்றுக்கு முன் ஒன்றரைத் தலைமுறையாகத் தட்டெழுதப்பட்ட கதைகளும் கட்டுரைகளும் இதழ்களும் அலுவலக ஆவணங்களும் அவ்வச் செயலிக்குரிய குறியீட்டிலேயே நெகிழ்வட்டுகளிற் கிடக்கின்றன. வட்டைப் படித்துவிட்டாலும், அச்செயலியை இயக்கிப் பார்த்தாலன்றி அவை எழுத்தாகத் திரையில் தோன்றமாட்டா.

அத்தகைய வட்டினைத் திறக்கப் பழைய ஐ.பி.எம். தனிக்கணிப்பொறியாக நடிக்கும் எமுலேட்டர் வேண்டும். மேமும் அவ்வாறு நடிக்கிறது; அதற்கெனவே எழுதப்பட்ட வேறு சில நிரல்களும் உள்ளன. செயலி முழுவதும் மென்பொருளாக இருந்தால் வேலை பெரும்பாலும் எளிது. ஆயின், இந்திய எழுத்துகளுக்கென வந்த ‘ஜிஸ்ட்’ அட்டை இத்தன்மையதன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்து, 1988இல் புணேயில் தோன்றிய சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த அக்கண்டுபிடிப்பு, கணிப்பொறியினுள் செருகவேண்டிய ஒரு சுற்றுப்பலகை. டாஸ் இயங்குதளத்தில் தமிழும் இந்தியும் தெலுங்கும் திரையில் தோன்றுமாறு செய்தது அதுவே. அவ்வட்டையை நம்பி எழுதிய நிரல், அட்டை இல்லாத கணிப்பொறியில் தன் எழுத்துகளைக் காட்டாது. எமுலேட்டரும் கணிப்பொறியோடு அட்டையையும் சேர்த்து நடித்தாகவேண்டும். அதற்கு, பழுதுறாத அட்டை ஒன்றும், அதன் சில்லுகளிலுள்ள நிரலின் நம்பத்தக்க படி ஒன்றும் கைக்கு எட்டவேண்டும். பழைய கணிப்பொறிகள் கழிவாகக் கழிக்கப்படும்போது, அவற்றின் வயிற்றினுள் செருகியிருக்கும் அட்டையை எவரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பெட்டி முழுவதும் எடைக்குப் போடப்பட்டு, பலகைகள் உடைக்கப்பட்டு, செம்பும் ஈயமும் பிரித்தெடுக்கப்படுகின்றன.